மண்ணுக்குள் போன லைன்: பக்கத்துக் கட்டிடத்தில் போனும் நெட்டும் தகராறு செய்தால்

மெயின் கட்டிடத்தில் போன் லைனும் ரவுட்டரும் இருக்கின்றன. ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி இன்னொரு கட்டிடம், பட்டறையோ ஷெட்டோ விருந்தினர் அறையோ, அதற்கு மண்ணுக்கடியில் கேபிள் போட்டு இரண்டையும் கொண்டுபோயாயிற்று. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது, இப்போது தகராறு. இந்தக் கட்டத்தில் பாதிப் பேர் கையில் மண்வெட்டியோடு நிற்பார்கள். அதைக் கீழே வையுங்கள். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை மண்ணுக்கு மேலேதான் இருந்தன: சுவரில் மாட்டிய பெட்டிக்குள், அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டில், கிரிம்ப் (கம்பி முனையில் கனெக்டரை அழுத்திப் பிடிக்கவைப்பது) சரியாக உட்காராத முனையில். நிஜமாகவே மண்ணுக்குள்தான் பழுது என்றாலும், எத்தனையாவது மீட்டரில் என்று தோண்டாமலே ஓரளவு சொல்லிவிட முடியும்.

அப்புறம் இன்னொன்று. "போன் நன்றாகப் பேசுகிறது, அதனால் கேபிள் நல்ல கேபிள்தான்" என்ற வாதத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போன் பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போய்ச் சேர்ந்தால் போதும். ஈத்தர்நெட், அதாவது நெட் கேபிளில் டேட்டா போகிற முறை, அதில் நூறு மெகாபிட்டுக்கு அடிப்படை அலையே 31.25 மெகாஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மடங்கு வித்தியாசம். துருப்பிடித்த வேலிக்கம்பியில்கூட போன் பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். ஈத்தர்நெட் அப்படியெல்லாம் பெருந்தன்மை காட்டாது.

எதையும் பிரிப்பதற்கு முன்

ஒரு லேப்டாப், வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குட்டி பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள நெட் வயர்), ஒரு சாதாரண வயர் போன். மூன்றையும் எடுத்துக்கொண்டு மெயின் கட்டிடத்தில் புதைத்த கேபிள் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கே போங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த அதே போர்ட்டில் லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள், அதே இணைப்பில் போனை மாட்டிப் பாருங்கள். இங்கேயே தகராறு இருந்தால் புதைத்த கேபிளுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் இரண்டு நாள் பள்ளம் தோண்டியவர்கள் உண்டு.

அளப்பதற்கு மல்டிமீட்டர் வேண்டும், முடிந்தால் கெப்பாசிட்டன்ஸ் (பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு கம்பி மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு, கேபிள் நீள நீளக் கூடும்) அளக்கிற வகை. அளக்கும்போது கேபிளின் இரண்டு முனையும் எதிலும் செருகாமல் தொங்க வேண்டும். போன் லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும், மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி வரும். உயிர் போகாது, ஆனால் ஏணி மேல் நிற்கும்போது கை உதறினால் அதுவே போதும். வானத்தில் எங்கேயாவது இடி கேட்டால் அன்றைக்கு வேலையை மூட்டை கட்டிவிடுங்கள், இரண்டு கட்டிடத்தை இணைக்கிற நீளமான தாமிரக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க அது நேரமில்லை.

போனும் இல்லை, நெட்டும் இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் போனது

முதல் கேள்வி: சமீபத்தில் யாராவது தோண்டினார்களா? மரக்கன்று, வேலித்தூண், தண்ணீர்க் குழாய், எதுவாக இருந்தாலும் சரி. "ஆமாம், ஆனால் அது கேபிள் பக்கமே இல்லை" என்று பதில் வரும். கேபிள் எங்கே போகிறது என்பது பதித்தவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும் என்பதால் அந்தப் பதிலுக்குப் பெரிய மதிப்பில்லை.

கம்பி அறுந்திருந்தால் தூரத்தைக் கண்டுபிடிக்க கெப்பாசிட்டன்ஸ் போதும். நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடியாக இருக்கும். முறுக்கிய ஜோடி ஒன்றின் இரண்டு கம்பிகளுக்கு இடையே மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோ ஃபாரட் இருக்கும் (ஆயிரம் பிக்கோ ஒரு நானோ). எழுபது மீட்டர் ஓட்டம் முழுசாக இருந்தால் 3.5 நானோ ஃபாரட் அளவில் காட்ட வேண்டும். இந்த முனையிலிருந்து அளந்தால் 2.1 காட்டுகிறது, அந்த முனையில் 1.4 காட்டுகிறது என்று வையுங்கள்: இங்கிருந்து 42 மீட்டரில் அறுந்திருக்கிறது, அங்கிருந்து 28. இரண்டையும் கூட்டினால் எழுபது வருகிறது, அப்படி வந்தால் தைரியமாக நம்பலாம். கூட்டுத்தொகை எழுபதைத் தாண்டிக் காட்டினால் உள்ளே தண்ணீர் புகுந்து கணக்கைக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ஜோடி மட்டும் அறுந்து மற்றவை முழுசாக இருந்தால் இன்னும் வசதி, நல்ல ஜோடியை அளவுகோலாக வைத்து விகிதம் போட்டுவிடலாம். மீட்டர் வயர்களுக்கே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, அதை முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் கம்பியும் ஒரே தூரத்தில் அறுந்திருந்தால் மண்வெட்டி அல்லது கடப்பாரை. ஒரு ஜோடி 40 மீட்டரில், இன்னொன்று 41-இல், மூன்றாவது நசுங்கி ஷார்ட் என்று கலவையாக இருந்தால் பெரும்பாலும் எலி.

ஷார்ட் ஆகியிருந்தால் கெப்பாசிட்டன்ஸ் வேலைக்கு ஆகாது, ஓம் கணக்குக்கு வாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனான தாமிரக் கம்பியில் போய்த் திரும்பும் சுற்றுக்கு மீட்டருக்கு 0.17 ஓம். எழுபது மீட்டருக்கு 12 ஓம் பக்கத்தில் வரும். ஷார்ட்டான ஜோடியில் 7 ஓம் காட்டினால் ஏறக்குறைய 41 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் அளந்து கூட்டிச் சரிபார்ப்பது இங்கேயும் பொருந்தும்.

தோண்டும்போது கையால் தோண்டுங்கள். அதே பள்ளத்தில் மின்சார கேபிளும் போகிறதா என்று தெரியாவிட்டால், அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அறுந்த இடத்தை இன்சுலேஷன் டேப் சுற்றி மறுபடி புதைத்தால் அடுத்த மழைக்காலத்தில் இதே பக்கத்துக்கு வந்து சேர்வீர்கள். போன் ஜோடிக்கு ஜெல் நிரப்பிய குட்டி கனெக்டர் போதும், அதன் மேல் மண்ணுக்குள் புதைக்கத் தோதான ஜாயின்ட் உறை. நெட் கேபிளுக்கு மண்ணுக்குள் ஜாயின்ட் போடுவதை நான் விரும்புவதில்லை. அந்த இடத்தில் ஒரு சின்னத் தூண் நட்டு, தரைக்கு மேலே பெட்டி வைத்து, அதற்குள் இணைப்பது மேல்.

போன் பேசுகிறது, நெட் மட்டும் வரவில்லை

போர்ட்டில் லைட்டே எரியவில்லையா, எரிகிறது ஆனால் நெட் வரவில்லையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். லைட் எரிந்தும் நெட் வரவில்லை என்றால் அது கேபிள் பழுதாக இல்லாமலும் இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

லைட் எரியவில்லை என்றால் நான்கு சந்தேகங்கள். கேபிள் நூறு மீட்டரைத் தாண்டியிருக்கலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போகிற நிலையான ஓட்டம் 90, இரண்டு பக்கத்துப் பேட்ச் கார்டுக்கும் சேர்த்து 10 என்பதுதான் ஈத்தர்நெட்டின் கணக்கு. தரையில் அளந்த தூரம் எண்பதுதான் என்பார்கள். சுவர் ஏறி இறங்கியது, பெட்டிக்குள் சுருட்டி வைத்தது, மரத்தைச் சுற்றி வளைத்தது எல்லாம் சேர்ந்தால் நூற்றுப் பத்து வந்து நிற்கும். கேபிள் உறையில் மீட்டர் எண் அச்சிட்டிருக்கும், இரண்டு முனையிலும் பார்த்துக் கழித்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டாவது சந்தேகம், போட்டது பழைய போன் கேபிள். முறுக்கே இல்லாத, அல்லது சோம்பலாக முறுக்கிய கம்பி பேச்சுக்குப் போதும், நெட்டுக்குப் போதாது. அதைத் தோண்டி எடுக்க முடியாத இடமென்றால், ஒற்றை ஜோடியில் விடிஎஸ்எல் (போன் கம்பிக்கென்றே உள்ள நெட் முறை) வழியாக நெட்டை அனுப்பும் எக்ஸ்டெண்டர் பெட்டிகள் ஜோடியாகக் கிடைக்கின்றன, அவை இந்த மாதிரிக் கம்பியிலும் சமாளிக்கும். மூன்றாவது, ஏதோ ஒரு கம்பி அறுந்திருப்பது, அதன் வழி மேலே சொல்லியாயிற்று.

நான்காவதுதான் ஆளைச் சுற்றவிடும். கிரிம்ப் செய்தவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாகக் கனெக்டரின் எட்டுப் பின்களில் 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கிவிடுவார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியிருப்பதால் கேபிளைச் சோதிக்கும் எட்டு லைட் டெஸ்டர் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக அழகாக எரியும். ஆனால் ஈத்தர்நெட்டுக்கு 3-உம் 6-உம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும். இங்கே அவை வேறு வேறு ஜோடியில் கிடக்கின்றன. விளைவு, ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் ஏறும். ஐந்து மீட்டரில் வேலை செய்யும், அறுபது மீட்டரில் செத்துவிடும். பார்வையில் படாவிட்டால் மீட்டரில் பிடிக்கலாம்: 1-2 இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸைவிட 3-6 இடையே கணிசமாகக் குறைவாக இருந்தால் ஜோடி பிரிந்திருக்கிறது. இரண்டு முனையையும் வெட்டி எறிந்துவிட்டு டி568பி என்ற வழக்கமான நிற வரிசையில் புதிதாக அடியுங்கள்.

ஆயிரத்தில் ஓடியது, இப்போது நூறுதான் வருகிறது

நூறு மெகாபிட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது ஆயிரம் மெகாபிட்டுக்கு, நான்கும் வேண்டும். ஆகவே நீலமோ பிரவுனோ போய்விட்டது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். அதைவிட அதிகமாகப் பார்ப்பது: ஒரே கேபிளில் நீல ஜோடியை உருவிப் போனுக்குக் கொடுத்திருப்பார்கள். சிக்கனம்தான், ஆனால் ஜிகாபிட் அங்கேயே முடிந்தது. இதில் விபரீதம் என்னவென்றால், வேகம் பேசி முடிவுசெய்வது நல்ல ஜோடிகளில் நடப்பதால், இரண்டு பக்கமும் "ஆயிரம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு நான்கு ஜோடி இல்லாமல் இணைப்பு விழுந்து, மறுபடி பேசி, மறுபடி விழுந்து, லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். சில ஸ்விட்சுகள் (நெட் கேபிள்களைச் செருகி இணைக்கும் பெட்டிகள்) தாமாக நூறுக்கு இறங்கிவிடும், சில இறங்காது. அப்படியானால் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டுக்கு நூறு வரைதான் என்று அறிவிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வேகத்தைப் பூட்டி வைக்காதீர்கள், மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவதோ பெறுவதோ ஒன்று மட்டும்) போய்விடும். பிங் என்ற குட்டிச் சோதனைச் செய்தி அழகாக வரும், பெரிய ஃபைல் அனுப்பினால் நத்தையாக ஊரும்.

போனுக்கும் நெட்டுக்கும் தனித்தனி கேபிள்தான் ஒழுங்கு. பள்ளம் ஒன்று, கேபிள் இரண்டு. மண்ணைத் தோண்டும் செலவோடு பார்த்தால் இன்னொரு கேபிள் ஒரு செலவே இல்லை.

மழை பெய்தால் போனில் கரகர, நெட் விழுகிறது

இதுதான் இந்த வேலையின் பெரிய அத்தியாயம். தண்ணீர் எங்கேயோ புகுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், எங்கே என்பதுதான் கேள்வி, அதற்கு நேரத்தைக் கவனிக்க வேண்டும். மழை தொடங்கிய பத்து நிமிடத்தில் கரகரப்பு வந்து, வெயில் அடித்ததும் போய்விடுகிறதா? தரைக்கு மேலே, சுவர்ப் பெட்டியிலோ கேபிள் நுழையும் துளையிலோ பாருங்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்து வந்து நாலைந்து நாள் நிற்கிறதா? மண்ணுக்குள் உறை கிழிந்திருக்கிறது, அல்லது புதைத்த ஜாயின்ட் ஒழுகுகிறது. மழையே இல்லாமல் விடிகாலையில் கரகரத்து மதியத்துக்குள் சரியாகிவிடுகிறதா? பெட்டிக்குள் பனி வேர்க்கிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் தேதியோடு ஒரு வாரம் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீட்டரில் எப்படித் தெரியும் என்றால், இரண்டு முனையும் கழற்றிய நிலையில் ஜோடியின் இரண்டு கம்பிக்கும் இடையே மிக உயர்ந்த ஓம் ரேஞ்சில் அளந்தால் எல்லைக்கு வெளியே என்று காட்ட வேண்டும். பத்து மெகா ஓம், ஐந்து என்று ஏதாவது எண் காட்டினாலே சந்தேகப்படலாம், ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். எண் ஒரு இடத்தில் நிற்காமல் மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால், அல்லது மீட்டரின் சிவப்பு கறுப்பு முனைகளை மாற்றி வைத்தால் வேறு எண் காட்டினால், அது ஈரம்தான். தண்ணீரும் தாமிர உப்பும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகவே மாறியிருக்கும். கழற்றிப் போட்ட ஜோடியில் டிசி வோல்ட் வைத்துப் பார்த்தால் புள்ளி இரண்டு, புள்ளி மூன்று வோல்ட் காட்டி ஆச்சரியப்படுத்தும். இதை ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையேயும் செய்யுங்கள், உறை கிழிந்து மண்ணைத் தொட்டிருந்தால் அங்கேதான் பிடிபடும்.

போன் கம்பி ஏன் இவ்வளவு வேகமாக அரிக்கிறது என்றால், அதில் நாள் முழுக்க டிசி நிற்கிறது. தொலைபேசி நிலையங்களில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தை எர்த் செய்து, லைனை மைனஸ் 48 வோல்ட்டில் வைப்பதற்குக் காரணமே மண்ணைப் பார்க்கும்போது கம்பி நெகட்டிவாக இருந்தால் அது கரையாது என்பதுதான். ஆனால் ஈரமான ஒரு ஜாயின்டுக்குள் இரண்டு கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த ஏற்பாடு காப்பாற்றாது, பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி பச்சைப் பொடியாகிக்கொண்டே போகும். அந்தப் பச்சையைப் பார்த்தால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டாதீர்கள், பளபளவென்ற தாமிரம் வரும்வரை வெட்டுங்கள்.

நெட் ஏன் விழுகிறது என்பதற்குக் காரணம் கொஞ்சம் வேறு. கம்பியைச் சுற்றியுள்ள பாலிஎத்திலீனின் மின்கடத்தாக் குணகம் சுமார் 2.3, தண்ணீருக்கு 80. ஜோடிகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நின்றால் கெப்பாசிட்டன்ஸ் எகிறி, சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடும். கம்பி எங்கும் அறுந்திருக்காது, ஷார்ட் ஆகியிருக்காது, டெஸ்டரில் எட்டு லைட்டும் எரியும், ஆனால் ஸ்விட்சின் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குள் போடுகிற பிவிசி உறைக் கேபிளை "குழாய்க்குள்தானே போகிறது" என்று புதைத்த இடங்களில் இது ஒன்றிரண்டு வருடத்தில் நிச்சயமாக வருகிறது. குழாய் என்றால் காய்ந்து இருக்கும் என்று நினைப்பதுதான் தவறு. மண்ணுக்குள் உள்ள எல்லாக் குழாயிலும் இன்றோ நாளையோ தண்ணீர் நிற்கும், வெளியிலிருந்து வராவிட்டால் உள்ளேயே வேர்த்து நிற்கும். குழாய் கேபிளைக் கடப்பாரையிலிருந்து காப்பாற்றும், தண்ணீரிலிருந்து அல்ல. கறுப்புப் பாலிஎத்திலீன் உறை, உள்ளே ஜெல் நிரப்பியது, அதுதான் மண்ணுக்குரிய கேபிள்.

எனக்கே நேர்ந்த ஒன்று. மழைக்கு மறுநாள் கரகரப்பு, மண்ணுக்குள்தான் என்று முடிவுகட்டி மூன்று இடத்தில் தோண்டினேன், கேபிள் புதிதாக இருந்தது. கடைசியில் பார்த்தால் தண்ணீர் மேட்டில் இருந்த பெட்டியில் உறை வழியாக நுழைந்து, கேபிளுக்குள்ளேயே ஓடி, பள்ளத்தில் இருந்த கட்டிடத்தின் பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது, வர ஒரு நாள் எடுத்துக்கொண்டது. உறைக்கும் கம்பிகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மெல்லிய குழாய் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன், நுழைவது எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து, மேலிருந்து ஒருபோதும் இல்லை.

போனில் "ம்ம்ம்" என்று ரீங்காரம்

கரகரப்பு வேறு, ரீங்காரம் வேறு. ரீங்காரம் மின்சாரத்தின் அதிர்வு. ஜோடியின் இரண்டு கம்பியும் ஒரே மாதிரி இருக்கும்வரை பக்கத்தில் போகிற மின்கேபிளின் தொல்லை இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு கம்பி மட்டும் எர்த்தைத் தொட்டால் சமநிலை கெட்டு மீதி காதில் கேட்கும். அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால் கார்ட்லெஸ் போனின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு சாதா போனில் கேளுங்கள், பாதி நேரம் அதோடு முடிந்துவிடும். மின்கேபிளையும் இதையும் ஒரே பள்ளத்தில் ஒட்டிப் போட்டிருந்தால் ரீங்காரம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கூப்பிட முடிகிறது, மணி அடிக்கவில்லை. அல்லது ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது

மணிக்கு வரும் மின்னழுத்தம் பேச்சுக்கு இருப்பதைவிட அதிகம். 48 வோல்ட்டில் பேசாமல் கிடந்த ஈரக்கசிவு 75, 90 வோல்ட் வந்ததும் கடத்தத் தொடங்கும், லைன் கொடுக்கும் பக்கம் "யாரோ போனை எடுத்துவிட்டார்கள்" என்று நினைத்து மணியை நிறுத்திவிடும். இது ஈரக்கசிவின் ஆரம்ப அறிகுறி, கரகரப்பு வருவதற்கு முன்பே வரும். கேபிள் காய்ந்து சுத்தமாக இருந்தால், லைனில் எத்தனை போன் தொங்குகிறது என்று எண்ணுங்கள். இன்டர்நெட் போன் அடாப்டரிலிருந்து லைன் வருகிறது என்றால் அதனால் சில போன்களுக்கு மட்டுமே மணி அடிக்க முடியும், எத்தனை என்று அதன் குறிப்பேட்டில் இருக்கும்.

மணி அடிக்கும்போது நெட் விழுகிறது

போன் லைனிலேயே நெட்டும் (டிஎஸ்எல்) வருகிற இடங்களுக்கு மட்டும் இது. போனுக்கு முன்னால் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஃபில்டர் இல்லை, அல்லது தொலைவில் உள்ள கட்டிடத்தில் ஒரு பழைய போன் ஃபில்டர் இல்லாமல் தொங்குகிறது. ஃபில்டர் எல்லாம் சரி என்றால் எங்கோ ஒரு ஜாயின்டில் பிடிமானம் போயிருக்கிறது. இதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு: போனை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நெட் நன்றாக இருக்கும், வைத்ததும் மோசமாகும். பேசும்போது ஓடுகிற இருபது முப்பது மில்லி ஆம்பியர் அந்தத் துருவைத் தாண்டி இணைப்பைத் தற்காலிகமாக ஒட்டிவைக்கிறது. சரியான தீர்வு, மோடத்தை மெயின் கட்டிடத்திலேயே லைன் நுழையும் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிடத்துக்கு ஈத்தர்நெட்டாக அனுப்புவது. டிஎஸ்எல் லைனை மண்ணுக்குள் கிளை பிரித்து இழுத்துவிட்டால், அந்தக் கிளையில் யாரும் எதையும் செருகாவிட்டாலும் சிக்னல் அங்கே போய் மோதித் திரும்பி வந்து மோடத்தைக் குழப்பும்.

பகலில் ஓடுகிற கேமரா இருட்டியதும் செத்துச் செத்துப் பிழைக்கிறது

இருட்டில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, மின்தேவை கூடுகிறது, கேபிள் தாங்கவில்லை. நெட் கேபிளின் உபரி ஜோடிகளில் 12 வோல்ட் ஏற்றி அனுப்பியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தக் கதி. எழுபது மீட்டரில் போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று வைத்தால் வழியில் உள்ள தடை 6 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும், கேமராவுக்கு ஒன்பதுதான் மிச்சம். அதே ஆறு வாட்டை 48 வோல்ட்டில் முறையான பிஓஇ-யாக (நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) அனுப்பினால் ஓடுவது 0.125 ஆம்பியர், இழப்பு ஒரு வோல்ட்கூட இல்லை. ஐபி போன் தானாக ரீஸ்டார்ட் ஆவதும் பல நேரம் இதே கதைதான்.

முறையான பிஓஇ போட்டும் இப்படி என்றால் கேபிளையே சந்தேகியுங்கள். மலிவான கேபிளில் தாமிரம் பூசிய அலுமினியம் இருக்கும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எழுபது மீட்டரில் 12 ஓம் காட்ட வேண்டிய சுற்று பதினெட்டு, இருபது காட்டும். அலுமினியம் ஈரத்தில் இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும். அதை மண்ணுக்குள் போட்டவர்களிடம் சொல்ல எனக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

லைட் எரிகிறது, நெட் இல்லை

மேலே பாக்கி வைத்தது. பக்கத்துக் கட்டிடத்தில் இன்னொரு ரவுட்டரை வைஃபைக்காக வைத்திருக்கிறீர்கள் என்றால், அது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுப்பதை நிறுத்திவிட்டு, புதைத்த கேபிளை அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளைச் செருகும் போர்ட்) செருகுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று ஸ்விட்சில் பார்த்துவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுவதை விட்டுவிடலாம். இன்டர்நெட் போனில் நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்பதும் இந்த வகைதான், ரவுட்டர் அமைப்பின் கோளாறு.

ஒவ்வொரு இடிக்கும் ஒரு போர்ட் போகிறது

கேபிள் மண்ணுக்குள் இருப்பதால் இடியிலிருந்து பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பக்கத்தில் இடி விழும்போது அந்த மின்சாரம் மண்ணில்தான் பரவுகிறது, அதனால் ஒரு கட்டிடத்தின் எர்த்துக்கும் இன்னொன்றின் எர்த்துக்கும் இடையே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். இரண்டையும் இணைக்கிற ஒரே நல்ல பாதை உங்கள் கேபிள். நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டு பக்கத்து ஸ்விட்சும்.

திடீர் மின்னெழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டால் இரண்டு முனையிலும் போட வேண்டும், ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் போகும். அதன் எர்த் வயர் அந்தந்தக் கட்டிடத்தின் மெயின் எர்த்தோடு சேர வேண்டும், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதில் மாட்டுவது பிரச்சினையைக் கூட்டும். எர்த் செய்யாமல் சும்மா செருகி வைத்த ப்ரொடெக்டர் ஒரு அலங்காரப் பொருள். இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது முறை போர்ட் போனால் தாமிரத்தை விட்டுவிட்டு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. போனையும் அதே ஃபைபர் வழியே அனுப்பி, அந்தப் பக்கம் ஒரு அடாப்டரில் பிரித்துக்கொள்ளலாம்.

ஃபைபர் போட்டேன், லைட் வரவில்லை

இரட்டை இழை என்றால் ஒரு முனையில் இரண்டையும் மாற்றிச் செருகுங்கள், அனுப்புவது பெறுவதோடு சேர வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். ஒற்றை இழை என்றால் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மாட்யூல் (ஒளியை அனுப்பிப் பெறும் செருகி) வாங்கியிருப்பீர்கள். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் பெற வேண்டும், மற்றது தலைகீழ். ஃபைபரின் இரண்டு வகைகளில் ஒரு பக்கம் மல்டிமோட் மற்றது சிங்கிள்மோட் என்று கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு முனையைத் துடையுங்கள், அதற்கென்றே உள்ள துடைப்பானால், சட்டை நுனியால் அல்ல. பெட்டிக்குள் சின்ன வட்டமாகச் சுருட்டித் திணித்திருந்தால் விரித்துவிடுங்கள். முனையைக் கண்ணருகே வைத்து "லைட் வருகிறதா" என்று பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அது ஆபத்து.

ஃபைபர் போட்டும் இடிக்குப் போர்ட் போனது

மூன்று இடம் பாருங்கள். பழைய போன் ஜோடியை "இருக்கட்டும்" என்று இரண்டு பக்கமும் இணைத்தே விட்டிருப்பீர்கள். இடிக்கு அந்தப் பாதை போதும், இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். அடுத்தது, எலிக்குப் பயந்து இரும்புக் கவசமுள்ள ஃபைபர் வாங்கி, அந்தக் கவசத்தை இரண்டு கட்டிடத்துப் பெட்டியிலும் திருகி வைத்திருப்பீர்கள். அதுவும் கம்பிதான், ஒரு முனையில் மட்டும் எர்த் செய்துவிட்டு மறுமுனையில் கவசத்தைப் பெட்டிக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். இரண்டும் இல்லை என்றால் அது கரண்ட் வழியாக வந்தது, அந்தப் பக்கத்து மெயின் போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.